பங்குக் காக்காவின் பதினாறு எலிகள்

நாட்டில் நீதி செத்துப்போய்விட்டது என்று பஸ்ஸிலும் பேப்பரிலும் புலம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. இவர்களில் ஒருவர்கூடப் பங்குக் காக்காவோடு மீன் அடைத்த ஒரு மாலுபாணைப் பகிர்ந்து தின்றதில்லை. தின்றிருந்தால், உயிரோடு இருக்கிற நீதி எவ்வளவு பெரிய தலையிடி என்று விளங்கியிருக்கும். நான் அவரோடு இரண்டரை வருடம் காலந்தள்ளியவன். ஆகவே இதைச் சொல்ல எனக்குப் பூரண உரிமை உண்டு.

காக்கா காத்தான்குடிக்காரர். வாவிக்கரையோரம் இருந்த ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் எலி அறைக்குப் பொறுப்பாக இருந்தார். என்னைவிட நாலே வயது மூத்தவர், ஆனாலும் எல்லோருக்கும் அவர் காக்காதான், அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்தச் சாமான் கையில் கிடைத்தாலும் அதைப் பங்குபோடாமல் விடமாட்டார் என்பதால் முன்னாலே 'பங்கு' ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

சும்மா பங்கு போடுகிறவர் என்றால் நான் ஏன் எழுதப்போகிறேன்? ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட தராசு ஒன்று இருந்தது. மூச்சு விட்டாலும் முள் அசைகிற தராசு. யாரோ காத்தான்குடி மஸ்கட் இனிப்பு ஒரு பெட்டி கொண்டுவந்த அன்று காக்கா அதை ஆறு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாக அந்தத் தராசில் நிறுத்து, கூடின துண்டிலிருந்து கிள்ளிக் குறைந்த துண்டில் ஒட்டி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எங்கள் கையில் தந்தார். பிறகு இரண்டு கிழமை நான் நிறுத்த உப்பிலெல்லாம் நெய் வாசம்.

"காக்கா, இது இனிப்பு நிறுக்கிற தராசா?" என்று கத்தினேன்.

"மனுசன்ட பங்க நிறுக்க ஏலாத தராசு எதுக்கு சேர்?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

சொந்த வீட்டிலும் இதே கூத்துத்தான். அவர்களின் விருந்தில் ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சஹன் என்பார்கள். நடுவில் இறைச்சி வரும். மாப்பிள்ளைக்குப் பெரிய துண்டைத் தள்ளிவிடுவது ஊர் வழக்கம். காக்கா தன் தங்கச்சியின் கலியாணத்திலேயே மாப்பிள்ளைக்கும் மற்ற ஐந்து பேருக்கும் விரற்கடை பிசகாமல் ஒரே அளவுத் துண்டு வைத்தார். அந்த மச்சான் அதே வளவில்தான் குடியிருக்கிறார். பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்தத் துண்டைப் பற்றி ஆளைக் கண்டால் முறையிடுவார். என்னிடம் மூன்று தரம் முறையிட்டிருக்கிறார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் களுதாவளையில் ஒரு விஞ்ஞான வாத்தி. நாற்பது வயதில் படிப்பு ஆசை பிடித்து, லீவு எடுத்துக்கொண்டு, முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ய வந்தவன். லீவு டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் முடிவு எடுத்துக் கொடுத்தால் பட்டம். இல்லாவிட்டால் வெறுங்கையோடு அதே பள்ளிக்கூடத்துக்குப் போய், என்னை வழியனுப்ப மாலை போட்ட அதே பிள்ளைகளின் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஆய்வு இதுதான். வாந்திபேதி கிருமி குடலுக்குள் ஒரு நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சுக்கு இரண்டு பகுதி. ஒன்று குடல் சுவரில் ஒட்டிக்கொள்கிற பகுதி, அது ஒரு தீங்கும் செய்யாது. மற்றது உள்ளே புகுந்து குழப்படி செய்கிற பகுதி. அது புகுந்துவிட்டால் உடம்பிலுள்ள தண்ணீர் எல்லாம் குடலுக்குள் கொட்டுகிறது. மனிதன் காய்ந்துபோகிறான். ஒட்டுகிற பகுதியை மட்டும் பிரித்தெடுத்து முன்கூட்டியே குடிக்கக் கொடுத்தால், குடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருளைச் சுரந்து தன் சுவரிலேயே வைத்துக்கொள்ளும். பிறகு உண்மை நஞ்சு வந்தால் ஒட்ட இடமிருக்காது. இதை எலியில் செய்து காட்ட வேண்டும்.

வாத்தி வாய் சும்மா இருக்குமா? காக்கா கூடு கழுவிக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் அவருக்குப் படிப்பித்தேன்.

"ஏன் சேர் குடிக்கக் குடுக்கிற? கொரோனாவுக்குக் கையிலதானே குத்தின?" என்றார்.

"கையில குத்தினா ரத்தத்திலதான் கூடுதலா எதிர்ப்பு வரும் காக்கா. இந்த நஞ்சு ரத்தத்துக்கு வாறல்ல. குடலோட நிண்டிரும்."

காக்கா கூடு கழுவுகிற தும்புத்தடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டார். "அப்ப, கள்ளன் வாற வாசல்ல காவலுக்கு ஆள் போடணும். ரோட்டுல போட்டுப் பிரயோசனமில்ல. அதுதானே?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று பாடப்புத்தகம் சொல்லாததை இந்த மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டாரே என்று மகிழ்ந்து, சொல்லக்கூடாத மிச்சத்தையும் சொல்லித் தொலைத்தேன். பதினாறு எலி. எட்டுக்குச் சிவப்பு மூடிப் போத்தல், அதில் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் மருந்து இருக்கிறது. சோடா இல்லாவிட்டால் வயிற்றுப் புளிப்பு மருந்தைத் தின்றுவிடும். மற்ற எட்டுக்கும் நீல மூடிப் போத்தல், அதில் வெறும் சோடாத் தண்ணீர். கடைசியில் எல்லா எலிக்கும் நஞ்சு கொடுத்துப் பார்ப்போம்.

"எல்லாத்துக்கும் நஞ்சு. மருந்து மட்டும் எட்டுக்கு?" என்று கேட்டார்.

"ஓம். அப்பதான் வித்தியாசம் தெரியும்."

காக்கா எட்டையும் எட்டையும் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி கூடு கழுவத் தொடங்கினார்.  அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எலிக்கு மருந்து பருக்குவது லேசான காரியமில்லை. நுனி உருண்ட வளைந்த குழாயைத் தொண்டை வழியாக வயிறு வரை இறக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் மூச்சுக்குழாயில் இறங்கி எலியின் கதை அங்கேயே சரி. எங்கள் கூடத்தில் அதைப் பிழையில்லாமல் செய்யக்கூடிய கை காக்காவின் கை ஒன்றுதான். அவர் கையில் எலிகள் நித்திரை வந்ததுபோல் கிடக்கும். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு தரமாக மூன்று தரம் நான் போத்தல்களைக் கொடுத்தேன், அவர் பருக்கினார்.

அதோடு தினமும் காலையில் கூடுகளை இடம் மாற்றினார். வாவிக் காற்று ஜன்னலோரக் கூட்டுக்கு மட்டும் போகிறதாம், அது அநியாயமாம். என் மேற்பார்வையாளர் மேடம் சிரிக்கத் தெரியாதவர். அவரே இதைக் கண்டு வியந்துபோனார்.

"கூடு எல்லாத்துக்கும் ஒரே நிலைமை இருக்க வேணும் எண்டு நான் வருசா வருசம் படிப்பிக்கிறன், ஒருத்தரும் செய்யிறல்ல. இவர் சொல்லாமலே செய்யிறார். இவரை விட்டிராதீங்க" என்று என்னிடம் சொன்னார்.

நானும் விடவில்லை.

பரிசோதனை நாள் வந்தது. எலியை நல்ல மயக்கத்தில் போட்டு, குடலில் ஒரு சின்னத் துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் நஞ்சை விட்டுச் சில மணி நேரம் பார்ப்போம். மருந்து குடிக்காத எலியின் குடல் தண்ணீர் நிரம்பிப் பெருநாள் சந்தை பலூன்போல வீங்க வேண்டும். குடித்த எலியின் குடல் சப்பையாகவே கிடக்க வேண்டும். எலி மயக்கத்திலேயே போய்விடும், கண் விழிப்பதில்லை.

முதல் நாள் நாலு எலி, இரண்டு சிவப்பு, இரண்டு நீலம். சிவப்பு இரண்டும் சப்பை. நான் துள்ளினேன். நீலம் இரண்டையும் திறந்தேன். அவையும் சப்பை.

மனைவி பின்னேரம் போன் எடுத்தாள். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "வீங்கிச்சா?" என்றாள்.

"இல்ல. ஒண்டும் வீங்கல" என்று கத்தினேன்.

பக்கத்துச் சீட்டில் இருந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்து, "வீங்காட்டி நல்லந்தானே தம்பி, ஏன் கவலப்படுறீங்க?" என்றார். 

நஞ்சுதான் பழுதாகியிருக்கும் என்று புதுப் போத்தல் உடைத்து அடுத்த நாள் இன்னும் நாலு எலி பார்த்தோம். நாலும் சப்பை. மேடம் முகம் இருண்டது. எந்த மருந்தும் கண்டறியாத புது எலி ஒன்றை வளர்ப்புக் கூட்டிலிருந்து எடுத்து அதே நஞ்சை விட்டுப் பார்க்கச் சொன்னார். அது வீங்கியது பாருங்கள், ஒரு வீக்கம்! நஞ்சில் ஒரு குறையுமில்லை.

அப்படியென்றால் வெறும் சோடாத் தண்ணீர் குடித்த எலிகளுக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? மேல்கூட்டுப் புழுக்கை கீழ்க்கூட்டில் விழுந்து, அதை எலி தின்று, மருந்து அந்த வழியாகப் போயிருக்குமோ என்று மேடம் சந்தேகப்பட்டார். நான் மூன்று நாள் எலிப் புழுக்கைக்குப் பின்னால் திரிந்தேன். நாற்பது தாண்டியவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், களுதாவளையில் பார்ப்பவர்கள் எல்லாம் வணக்கம் சொல்கிற மனிதன்.

மூன்றாம் நாள் தேத்தண்ணி நேரம், காக்கா என் முன்னால் உட்கார்ந்து ஒரு மாலுபாணை அறுவைக் கத்தியால் மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டில் மீன் கொஞ்சம் கூடிவிட்டது. கத்தி நுனியால் அந்த மீனைத் தோண்டி மற்றத் துண்டில் வைத்து அழுத்தினார். அதைப் பார்த்ததும் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"காக்கா."

"சொல்லுங்க சேர்."

"எலிக்கு மருந்து எப்பிடிக் குடுத்தீங்க?"

"சமமாத்தான் சேர்."

"சமமா எண்டா?"

"ரெண்டு போத்தலையும் ஒரு கண்ணாடிக் கோப்பையில ஊத்தி, நல்லாக் கலக்கி, பதினாறுக்கும் ஒரே அளவு. ஒரு சொட்டுக் கூடக் குறையக் குடுக்கல்ல. வல்லாஹி, சத்தியமா."

நான் கத்தினேன் என்று சொல்வது போதாது. எலி அறையிலிருந்த எலிகளெல்லாம் கூட்டின் மூலைக்கு ஓடின. என்ட லீவு, என்ட பட்டம், என்ட இரண்டு வருடம் எல்லாத்தையும் கலக்கிக் குடுத்திட்டீங்களே என்று மூச்சு வாங்கும் வரை கத்தினேன். காக்கா மாலுபாண் துண்டு மூன்றையும் பத்திரமாக மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"சேர், பதினாறும் சாகப்போகுது. அதுல ஒண்டும் தப்பாது. சாகப்போறவங்கள ஒரு வரிசயில இரித்தி வெச்சி, ஒருத்தனுக்குக் கறி, ஒருத்தனுக்கு வெறும் ஆணம் ஊத்தச் சொல்றீங்க. அந்த ஓரவஞ்சன என்ட கையால நடக்கா."

"அது எலி காக்கா!"

"ஓம். எலிதான். என்ட கை மனுசன்ட கைதானே?"

 மேடத்திடம் போனேன். எலி அறையில் நடந்ததைச் சொல்லி, முதலில் என் வாயால்தான் வந்த வினை, எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று நான்தான் உளறினேன், பிழை முழுக்க என்னுடையது என்றேன். ஆளின் வேலைக்கு உலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பின்னால் ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. காக்கா வாசலில் நின்றார்.

"மேடம், முழுக்க இல்ல. பாதிப் பிழ என்ட. சேருக்குப் பாதி போதும்."

பழியைக்கூடப் பங்குபோட வந்துவிட்டார்! மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இன்னும் பதினாறு எலிதான் தரலாம். ஆறு கிழமை இருக்கு. இனியும் பிழைச்சா என்னட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

முதல் தொகுதியில் மிஞ்சிய எட்டு எலிகள் பரிசோதனைக்கு உதவாது என்று எலி அறை மூலையில் போடப்பட்டன. "பாத்தீங்களா, சமமாக் குடுத்ததால எட்டு உசிர் தப்பிச்சிது" என்று காக்கா என்னிடமே வந்து சொன்னார். அவை ஓய்வூதியம் எடுத்த எழுதுவினைஞர்களைப்போலத் தின்றுவிட்டுத் தூங்கின. நான் மட்டும்தான் தூங்கவில்லை.

இரண்டாம் தொகுதிக்குச் சிவப்பு மூடி மருந்தை எட்டு எலிக்கும் காக்கா மறுக்காமல் பருக்கினார். நீல மூடியைத் தொடமாட்டேன் என்று எழுந்து வெளியே போய், வாவியைப் பார்த்தபடி எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். கெஞ்சினேன். அசையவில்லை. சரி, நானே செய்கிறேன் என்று எலியைப் பிடித்தேன். முதல் எலி என் பெருவிரலைக் கடித்தது. இரண்டாவது எலி சுட்டுவிரலைக் கடித்தது. மூன்றாவது கடிக்கவில்லை, கீச்சிட்டது. குழாய் எங்கேயோ தடுத்து நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் எலி போய்விடும், எலியோடு என் பட்டமும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. 

"விடுங்க சேர்! அதுட களுத்த அப்பிடி நெரிக்காதீங்க!"

காக்கா உள்ளே வந்து எலியை என் கையிலிருந்து பறித்தார். தடவிக் கொடுத்தார். அது அடங்கியது. நீல மூடிப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் கசந்தது. பிறகு எலியின் காதருகே குனிந்து, "இது வெறுந்தண்ணிதான் வாப்பா. மருந்தெண்டு நெனச்சிராத. என்ன மன்னிச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் பருக்கினார்.

எட்டு எலிக்கும் தனித்தனியாக இதைச் சொன்னார். அடுத்த தரமும், அதற்கடுத்த தரமும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று, அவர் கலக்கிவிடாமல் காவல் காத்தேன். அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் பிடித்தது. சீக்கிரம் காக்கா, சீக்கிரம் என்று நான் பல்லைக் கடித்தால், "பொய் சொல்லிப் பருக்கின பாவமும் எனக்கு வேணுமா?" என்பார். வெறுந்தண்ணி எட்டுக்கும் ஈடாகக் கொஞ்சம் கச்சான் கடலை கொடுக்கட்டுமா என்று கேட்டார். கொடுப்பதென்றால் பதினாறுக்கும் கொடுக்க வேண்டும் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை அவருடைய ஆயுதத்தாலேயே அடித்தேன். கச்சான் கதை அதோடு முடிந்தது.

டிசம்பர் முதற்கிழமை கடைசி நாலு எலியையும் பார்த்தோம். நீலம் எல்லாம் வீங்கியது. சிவப்பு எல்லாம் சப்பை. நான் முதலில் மனைவிக்குப் போன் எடுத்து, "வீங்கிட்டு! நல்லா வீங்கிட்டு!" என்று அழுதேன்.

காக்கா வீங்கினவற்றைப் பார்க்கவில்லை. சப்பையாகக் கிடந்த குடல் ஒன்றை மட்டும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "வாசல்ல ஆள் நிண்டிரிக்கான் சேர்" என்றார். பிறகு, "எட்டுக்குக் குடுக்காம வெச்சாத்தான் எட்டுக்குக் குடுத்தது விளங்குமா?" என்று கேட்டார்.

"ஓம் காக்கா."

"பொல்லாத படிப்பு" என்று சொல்லிவிட்டுக் கூடு கழுவப் போனார்.

அடுத்த வருடம் பட்டம் வந்தது. காக்கா விடவில்லை, காத்தான்குடிக்கு வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். போனேன். ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். எனக்கு எதிரே அந்த மச்சான் இருந்தார். நெய்ச்சோற்றின் நடுவே ஆட்டிறைச்சி வந்தது. காக்கா வழக்கம்போலக் கையைக் கழுவிக்கொண்டு பங்குபோடத் தொடங்கினார். நான் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன், இரண்டரை வருடத்துப் பழக்கம். ஒரு துண்டு, இரண்டு துண்டு, எல்லாம் விரற்கடை பிசகாமல் அததன் இடத்துக்குப் போயின.

கடைசியாகத் தொடையில் இருந்து ஒரு துண்டு மிஞ்சியது. எல்லாவற்றிலும் பெரியது. அதை ஆறாக வெட்டப்போகிறார் என்று கத்தியைத் தேடினேன். காக்கா யாரையும் பார்க்காமல், சோற்றைக் கிளறுவதுபோலக் கிளறி, அந்தத் துண்டை முழுசாக என் பக்கம் தள்ளிவிட்டார்.

மச்சானின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. பன்னிரண்டு வருடத்து மனத்தாங்கல் அந்தக் கண்ணில் தெரிந்தது.

"காக்கா, பங்கு பிழைச்சிட்டே" என்றேன்.

"சும்மா தின்னுங்க சேர்" என்று அதட்டினார் காக்கா. தலை நிமிரவில்லை.

நான் தின்றேன். அந்தத் துண்டில் ஒரு கிள்ளுக்கூட ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை.